ஜப்பானிய ஓவியத்தில் கோடை: நிறம், பூ, மழை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரக்கட்டை அச்சுப் படங்களையும் மடிப்புத் திரைகளையும் பார்த்துப் பழகுகிறவர்கள், கிமோனோ துணி வாங்குகிறவர்கள், கனிம நிறங்களைக் குழைத்து வரையும் 'நிஹோங்கா' முறையைக் கற்கிறவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

ஜப்பானியக் கலையில் கோடை என்பது எந்த மாதங்கள்?

மே முதல் வாரத்தில் தொடங்கி ஆகஸ்டு முதல் வாரத்தோடு முடிந்துவிடும். கோடை பிறக்கும் நாளுக்கு 'ரிக்கா' என்று பெயர். மே 5 அல்லது 6இல் வரும். இலையுதிர்காலம் பிறக்கும் 'ரிஷ்ஷூ' ஆகஸ்டு 7 அல்லது 8. பழைய நாட்காட்டியின் 4, 5, 6ஆம் மாதங்கள்தான் கோடை. 1873இல் ஜப்பான் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது மாத எண்கள் ஏறத்தாழ ஒரு மாதம் நகர்ந்துவிட்டன. கவிதையும் ஓவியமும் கையாண்ட பருவப் பட்டியல் அப்படியே நின்றது. ஆகவே பழைய படமொன்றின் தலைப்பில் 'ஐந்தாம் மாத மழை' (சமிதாரே) என்று இருந்தால், ஜூன் மாதத்து அடைமழையை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் வெயில் கொளுத்துகிற ஆகஸ்டு நடுப்பகுதி, ஏட்டுக் கணக்கில் இலையுதிர்காலம். கீழே வரும் குழப்பங்களில் பாதி இந்த ஒரு மாத வித்தியாசத்தால் வந்தவைதான்.

கோடையின் நிறம் சிவப்பா, நீலமா?

ஏட்டில் சிவப்பு. சீனத்திலிருந்து வந்த ஐந்து மூலகக் கணக்கு வசந்தத்துக்கு நீலப்பச்சையையும் கோடைக்குச் செந்நிறத்தையும் இலையுதிர்காலத்துக்கு வெள்ளையையும் குளிர்காலத்துக்குக் கறுப்பையும் கொடுக்கிறது. 'ஷுக்கா' என்ற பழஞ்சொல்லுக்கே 'செங்கோடை' என்றுதான் பொருள். ஆனால் சுவரில் மாட்டும் படத்திலும் உடுத்தும் துணியிலும் உணவு பரிமாறும் தட்டிலும் கோடை என்றால் நீலமும் வெள்ளையும்தான். ஜப்பானியக் கைவினைஞர் கோடையில் வெயிலை வரைவது அரிது. வெயிலுக்கு மருந்தை வரைவார். அந்தக் குளிர்ச்சியை 'ரியோ' என்பார்கள். நீரோட்டம், அருவி, மழைச்சாரல், மீன், மின்மினி, விசிறி எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. சிவப்பு ஒரு துளியாக வந்து போகும்: ஒரு தங்கமீன், ஒரு நதேஷிகோப் பூ, அவ்வளவுதான்.

இங்கே மொழிபெயர்ப்பில் ஒரு கண்ணி உண்டு. 'ஆவோ' என்ற ஜப்பானியச் சொல் நீலத்தையும் பச்சையையும் சேர்த்தே குறிக்கும். போக்குவரத்து விளக்கின் பச்சையை இன்றும் 'ஆவோ' என்றுதான் சொல்கிறார்கள். எனவே படக் குறிப்பில் 'நீல இலைகள்' என்று பார்த்தால் அது கோடைத் தளிரின் பச்சை.

அசகாவோ கோடைப் பூதானே? அதை ஏன் இலையுதிர்காலத்தில் சேர்க்கிறார்கள்?

அசகாவோ விடியலில் விரிந்து வெயில் ஏறியதும் வாடிவிடும் கொடிப்பூ. நம் வேலிகளில் படரும் ஊதாப்பூக் கொடிக்கு நெருங்கிய உறவு. டோக்கியோவின் இரியா பகுதியில் அதற்கென்றே ஜூலை 6 முதல் 8 வரை சந்தை கூடும். ஆனால் ஹைக்கூ கவிஞர்கள் கையாளும் பருவச்சொற்களின் ('கிகோ') பட்டியலில் அது இலையுதிர்காலப் பூ. தர்பூசணியும் பால்வீதியும் தனபாட்டா விழாவும் அப்படியே. தனபாட்டா ஏழாம் மாதம் ஏழாம் நாள் வரும் விழா. பழைய கணக்கில் ஏழாம் மாதம் பிறந்தாலே இலையுதிர்காலம்.

அச்சுப்பட ஓவியர் ஹிரோஷிகேயின் 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' தொடரில் (எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர்) இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அவர் 1858இல் இறந்த பிறகு பதிப்பாளர் வெளியிட்ட உள்ளடக்கப் பக்கம் படங்களை நான்கு பருவமாகப் பிரித்தது. கோடைக்கு 43 முதல் 72 வரை 30 படங்கள். 73ஆம் படமான தனபாட்டா விழா இலையுதிர்காலத்தின் முதல் படம். ரியோகோகு பாலத்து வாணவேடிக்கை 98ஆம் எண்ணில், இலையுதிர்காலப் பகுதியின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கிறது. இன்று வாணவேடிக்கை என்றாலே கோடைதான்; அதனால் இந்த வரிசையை அச்சுப்பிழை என்று நினைப்பவர்கள் உண்டு.

எதிர்த்திசையிலும் குழப்பம் உண்டு. 'கோதுமையின் இலையுதிர்காலம்' என்ற சொல் பட்டியலில் கோடையில் இருக்கிறது. கோதுமை பழுத்து மஞ்சளாவது ஜூன் வாக்கில். பயிருக்கு அது முதுமை, மனிதருக்குக் கோடை.

ஐரிஸ் பூக்கள் மூன்று வகை என்கிறார்களே, படத்தில் எப்படிப் பிரித்தறிவது?

கீழ்நோக்கித் தொங்கும் புறவிதழின் அடியைப் பாருங்கள். வெள்ளைக் கீற்று இருந்தால் காகித்சுபாதா. மஞ்சள் கீற்று இருந்தால் ஹனாஷோபு. வலைபோல் குறுக்கும் நெடுக்கும் கோடுகள் இருந்தால் அயாமே. பூ சின்னதாக வரையப்பட்டிருந்தால் நிலத்தைக் கவனியுங்கள்: காகித்சுபாதா தேங்கிய நீரில் நிற்கும், அயாமே காய்ந்த தரையில் வளரும், ஹனாஷோபு ஈரச் சேற்றில். இலையின் நடுவே நரம்பு எடுப்பாகத் தெரிந்தால் ஹனாஷோபு.

இந்த மூன்றில் ஓவியர்கள் அதிகம் கொண்டாடியது காகித்சுபாதாவை. 'இசே கதைகள்' என்ற பழைய நூலின் ஒன்பதாம் பகுதியில், தலைநகரை விட்டு வந்த ஒருவன் யாத்சுஹாஷி என்ற எட்டுப் பலகைப் பாலத்தருகே இந்தப் பூக்களைக் கண்டு, கா–கி–த்சு–பா–தா என்ற ஐந்து எழுத்துகளும் ஐந்து அடிகளின் முதலில் வரும்படி ஊரில் விட்டுவந்த மனைவியை எண்ணிப் பாடுகிறான். ஓகாதா கோரின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த ஆறு மடிப்புத் திரை இணை (டோக்கியோ நெசு அருங்காட்சியகம்) இந்தக் கதைதான். ஆனால் அதில் ஆளும் இல்லை, பாலமும் இல்லை, தண்ணீரும் இல்லை. தங்கத்தகட்டின்மேல் நீலப் பூக்களும் பச்சை இலைகளும் மட்டும். கிட்டே போய்ப் பார்த்தால் சில பூக்கொத்துகள் அச்சு அசலாகத் திரும்ப வருவது தெரியும். வெட்டுத்தாள் வைத்து எடுத்திருக்கிறார். கிமோனோ வணிகர் வீட்டுப் பிள்ளை, துணிக்காரர் புத்தி போகவில்லை. பின்னாளில் அதே பொருளைப் பாலத்தோடும் வரைந்தார். அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு பெயர்க்குழப்பம். மே 5 ஆண்பிள்ளைகள் விழாவில் குளிக்கும் நீரில் போடும் 'ஷோபு' ஐரிஸே அல்ல. அது நம் வசம்பு, பிள்ளை வளர்ப்பான். இலை ஒரே சாயல் என்பதால் பூக்கும் ஐரிஸுக்கு 'பூ வசம்பு' என்ற பொருளில் ஹனாஷோபு என்று பெயர் வந்தது. 'ஷோபு' என்ற ஒலிக்கு 'வீரத்தைப் போற்றுதல்' என்றும் பொருள் வருவதால், வாள் உறையிலும் கவச வாரிலும் அந்த இலை ஏறியது.

பழைய அச்சுப் படத்தின் நீலம் எந்த நீலம்?

மூன்று விடைகள் உண்டு.

முதலாவது த்சுயுகுசா என்ற சிறு நீலப்பூவின் சாறு. 18ஆம் நூற்றாண்டுப் படங்களில் ஆறும் வானமும் இதில்தான். வெளிச்சமும் ஈரமும் பட்டால் நிற்காது; இன்று பல படங்களில் மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பாகத் தெரிகிறது. 'அந்தக் காலத்தார் ஆற்றை ஏன் மண்நிறமாக அச்சிட்டார்கள்' என்ற கேள்விக்கு விடை இதுவே. இந்த நிலையாமைக்கும் ஒரு பயன் உண்டு: 'யூசென்' என்ற முறையில் துணியில் படம் தீட்டும் சாயக்காரர்கள் பட்டில் முதல் கோட்டை இந்தப் பூவின் இனமான ஆவோபானாவின் சாற்றால் போடுவார்கள். வேலை முடிந்து அலசினால் கோடு போய்விடும்.

இரண்டாவது அவுரி நீலம். சற்று மந்தமான, பச்சை தட்டும் நீலம், ஓரளவு நிற்கும்.

மூன்றாவது பெர்லின் நீலம், ஜப்பானியர் வாயில் 'பெரோ–ஆய்'. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்த செயற்கை நிறம். இத்தோ ஜாகுச்சு என்ற ஓவியர் 1760களிலேயே ஒரு மீன் ஓவியத்தில் தொட்டிருக்கிறார். மலிவாகி அச்சுப் படங்களில் வெள்ளமாகப் பாய்ந்தது 1830ஐ ஒட்டி. ஹொகுசாயின் ஃபூஜி மலைத் தொடரின் நீலமும் ஹிரோஷிகேயின் மாலை வானமும் இதன் புண்ணியம். வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 1806இல் இறந்த உத்தமாரோவின் கையெழுத்துள்ள படத்தில் அடர்ந்த பெர்லின் நீலம் பளீரென்று நின்றால், அது பிற்கால மறுஅச்சா என்று சந்தேகப்படுங்கள்.

மங்காத நிறங்கள் எப்படி இருந்தன என்பதை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் ஸ்பால்டிங் தொகுப்பு காட்டுகிறது. 1921இல் அதைக் கொடுத்த சகோதரர்கள் போட்ட நிபந்தனை, ஒருபோதும் பொதுக் காட்சியில் மாட்டக்கூடாது என்பது. கடுமையான நிபந்தனைதான், ஆனால் த்சுயுகுசா நீலமும் ஊதாவும் பிழைத்திருப்பது அதனால்தான். வீட்டில் அசல் படம் வைத்திருப்பவர்கள் சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, ஓரிரு மாதம் மாட்டிவிட்டு உள்ளே எடுத்துவையுங்கள். அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களுக்கு வைக்கும் வெளிச்ச அளவு 50 லக்ஸ்; ஒரு சாதாரண வரவேற்பறை விளக்கே இதைத் தாண்டிவிடும்.

கனிம நீலத்தைக் குழைத்து ஐரிஸ் வரைகிறேன். காய்ந்ததும் நிறம் பொடியாக உதிர்கிறது. ஏன்?

பசை போதவில்லை, அல்லது பசை கெட்டுவிட்டது. அசுரைட் கல்லை அரைத்த 'குன்ஜோ' நீலத்துக்கும் மலாக்கைட்டை அரைத்த 'ரொகுஷோ' பச்சைக்கும் தானாக ஒட்டும் குணம் கிடையாது. பிடித்து வைப்பது 'நிகாவா' என்ற விலங்குப் பசை. நம் தச்சர்கள் வஜ்ரம் என்பார்களே, அதன் சுத்தமான வகை.

வஜ்ரத்தை 10 கிராம் எடுத்து 100 மி.லி. நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பி வழவழவென்று இருக்கும். பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து 60–70 டிகிரியில் கரையுங்கள். கொதிக்கவிட்டால் ஒட்டும் சக்தி போய்விடும். அதிகமாகச் செய்யப்படும் தவறு இதுதான். கரைந்ததை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பொடியைப் போட்டு, பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நடுவிரலால் தேய்த்துக் குழையுங்கள். ஒவ்வொரு துகளும் நனைந்த பிறகே நீர் சேர்க்க வேண்டும். முதலிலேயே நீரை ஊற்றினால் பசை படாத துகள்கள் மிச்சமிருக்கும், உதிர்வது அவைதான்.

பொடியின் பருமன் எண்ணால் குறிக்கப்படும். எண் சிறிதானால் துகள் பெரிது, நிறம் ஆழம். எண் ஏற ஏற நிறம் வெளுக்கும், கடைசி நிலைக்கு 'ப்யாகு', வெள்ளை, என்றே பெயர். ஒரே கல்லிலிருந்து ஐரிஸின் கருநீலமும் வெளிர்நீலமும் வருவது இப்படி. பெரிய துகளைப் பிடிக்கக் கெட்டியான பசை வேண்டும். அதற்காக அள்ளி ஊற்றினால் காய்ந்ததும் நிறம் இருண்டு பளபளக்கும், நாளடைவில் வெடிக்கும். ஒரு துணுக்குத் தாளில் தீட்டிக் காயவைத்து விரலால் தடவுங்கள். விரலில் ஒட்டினால் பசை குறைவு, கண்ணாடிபோல் மின்னினால் கூடுதல்.

வெயில் காலத்தில் வஜ்ரக் கரைசல் ஓரிரு நாளில் அழுகும். வாடை வந்துவிட்டால் இரக்கம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். வரைந்த அன்று நன்றாகத்தான் இருக்கும், உதிர்வது பிறகு. குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும், உறைந்திருப்பதை வெந்நீரில் வைத்து இளக்கிக்கொள்ளலாம். நாள் முடிவில் கிண்ணத்தில் மிஞ்சிய நிறத்தில் வெந்நீர் ஊற்றி, துகள் அடியில் தங்கியதும் மேல்நீரை இறுத்துவிடுங்கள். பழைய பசை வெளியேறும், விலையுயர்ந்த கல்பொடி மறுநாளுக்கு மிஞ்சும்.

தாளின் அடிப்பூச்சையும் கவனியுங்கள். பூச்சில்லாத தாள் பசையை உறிஞ்சிக்கொண்டு துகளை மேலே அநாதையாக விட்டுவிடும். 1 லிட்டர் நீருக்கு வஜ்ரம் சுமார் 20 கிராம், படிகாரம் 5–6 கிராம் சேர்த்த 'தோசா' கரைசலை முன்கூட்டியே தடவிக் காயவையுங்கள். மழைநாளில் இந்த வேலை வேண்டாம், சரியாகக் காயாது. படிகாரம் மிகுந்தால் அதன் அமிலம் தாளை நொறுங்கவைக்கும்.

இலைகளில் நிறம் குளம்போல் தேங்கி ஓடுகிறதே, அது எப்படி?

'தராஷிகோமி' என்ற உத்தி. கோரின் வழி ஓவியர்களுக்குக் கைவந்தது. படம் கிடைமட்டமாக இருக்கவேண்டும். மையை இலை வடிவில் நீர்ப்பாங்காகத் தீட்டி, பளபளப்பு அடங்குவதற்குள் ரொகுஷோ பச்சையைச் சொட்டவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பச்சை ஓரத்துக்கு நகர்ந்து தானே தங்கும். சீக்கிரம் விட்டால் இரண்டும் கலந்து ஒரே சேறு. தாமதித்தால் விளிம்பு கத்தி வெட்டியதுபோல் நிற்கும். தூரிகையால் சரிசெய்யப் போனால் கெட்டது.

ஹிரோஷிகேயின் மழைப் படத்தில் கோடுகளும் கருமேகமும் எப்படி அச்சாயின?

1857இல் வந்த 'அத்தாகேயும் பெரும்பாலமும், திடீர் மழை' கோடைப் பகுதியில் 58ஆம் படம். வான்கோ 1887இல் எண்ணெய் வண்ணத்தில் இதைப் பார்த்து வரைந்தார். மழைக்கோடுகள் சற்றே மாறிய கோணங்களில் ஒன்றையொன்று வெட்டுவதால்தான் மழை அசைவதுபோல் தோன்றுகிறது. மயிரிழைக் கோட்டைத் தனியே நிற்கவைத்துச் சுற்றியுள்ள மரத்தையெல்லாம் செதுக்கி எடுப்பது செதுக்குபவரின் கைத்திறன். ஓவியர் பெயர் பெரிதாகவும் அவர் பெயர் காணாமலும் போய்விட்டது.

மேலே கவியும் கறுப்பு 'பொகாஷி', நிறம் தேய்ந்து மறையும் அச்சு. கட்டையை ஈரத்துணியால் துடைத்து, அகலத் தூரிகையின் ஒரு மூலையில் மட்டும் நிறம் தொட்டு, ஒரு சிட்டிகை அரிசிப் பசையோடு இடவலமாகத் தேய்ப்பார்கள். நிறம் ஈரத்தில் இறங்கித் தேயும். பிறகு ஈரப்படுத்திய தாளைக் கட்டையின் மூலையில் செதுக்கிய 'கெந்தோ' அடையாளத்தில் பொருத்தி, மூங்கில் ஓலை சுற்றிய 'பாரென்' தட்டால் அழுத்துவார்கள். இந்தத் தேய்வு கட்டையில் செதுக்கப்பட்டதல்ல. ஒவ்வொரு தாளுக்கும் கையால் புதிதாக வருவது. அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் மேகம் ஒத்துப்போவதில்லை. முதல் பதிப்புகளில் மேகம் ஆழமாகவும், அவசரமாக அடித்த பிற்பதிப்புகளில் ஒரு பட்டையாகவும் இருக்கும்.

செய்து பார்ப்பவர்களுக்கு: தாள் பாதியில் காய்ந்தால் சுருங்கி அடுத்த நிறம் கோட்டைவிட்டு விலகும். ஈரத்தாளை நாள்கணக்கில் அடுக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், கோடையில் இன்னும் வேகமாக. நிறத்தில் எள்ளுப்போல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தால் பசை குறைவு அல்லது அழுத்தம் போதவில்லை.

கோடைத் திரையை ஏன் வெள்ளியில் வரைந்தார்கள்?

சாகாய் ஹோயிட்சு 1821 வாக்கில் வரைந்த 'கோடை, இலையுதிர்காலப் புற்கள்' (டோக்கியோ தேசிய அருங்காட்சியகம்) இதற்குப் பெயர்பெற்றது. கோரின் தங்கத்தில் வரைந்த காற்று தேவன், இடி தேவன் திரைகளின் முதுகில் அது ஒட்டப்பட்டிருந்தது. இடி தேவனின் பின்புறம் மழையில் நனைந்து தலைகவிழ்ந்த கோடைப் புற்கள். காற்று தேவனின் பின்புறம் காற்றில் பறக்கும் இலையுதிர்காலக் கொடிகள். முன்னால் தேவர்கள் செய்தது பின்னால் செடிகளின்மேல் விழுகிறது. முன்புறப் பொன்னுக்குப் பின்புற வெள்ளி விடை. இப்போது பிரித்துத் தனித்தனியாக வைத்திருப்பதால் இந்த விளையாட்டு பலருக்குப் புரிவதில்லை. வெள்ளியின் சிக்கல், காற்றிலுள்ள கந்தகத்தால் கறுப்பது. தங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை.

கோடைத் துணியில் பனியும் குளிர்காலப் பறவையும் ஏன்?

குளிர்ச்சியை நினைவூட்டத்தான். யுகிவா என்ற வட்டப் பனிச் சின்னம் யுகாத்தாவில், அதாவது கோடையில் உடுத்தும் மெல்லிய பருத்திக் கிமோனோவில், தாராளமாக வரும். உப்புக்கொத்திப் பறவை (சிதோரி) பருவச்சொல்லில் குளிர்காலம், அலைகளோடு சேர்ந்தால் கோடைத் துணிக்கு ஏற்றது. ஹகி, சுசுகிப் புல் முதலிய இலையுதிர்காலச் செடிகளை உச்சிக்கோடையில் உடுத்துவதும் முறைதான். பருவத்துக்குச் சற்று முந்தி உடுத்துவது அழகு, பிந்தி உடுத்துவது பிசகு.

துணியின் கணக்கு இன்னும் கண்டிப்பு. அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்துத் தைத்தது. ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாத 'ஹிதோயே'. ஜூலை, ஆகஸ்டில் 'ரோ', 'ஷா' என்ற சல்லடை நெசவு. பூ சரியாக இருந்து நெசவு தவறினால் தேநீர்ச் சடங்கில் உடனே கண்ணில் படும். இப்போது வெயில் முந்தி வருவதால் மே மாதத்திலேயே ஹிதோயே உடுத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

யுகாத்தாவின் நீலம் அவுரி. எத்தனை முறை தொட்டியில் முக்கியது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். மிக வெளிறியது 'காமெனோசோகி', அதாவது 'தொட்டியை எட்டிப் பார்த்தது'. பிறகு அசாகி, ஹனாதா, கடைசியில் கருநீலமான கோன். எடோ காலத்தில் பெயர்பெற்ற கோடுபோட்ட பருத்திக்கு 'சந்தோமே' என்று பெயர். மயிலாப்பூரையொட்டிய சாந்தோம் வழியாகச் சோழமண்டலக் கரைத் துணி கப்பலேறிய நினைவு அந்தச் சொல்லில் இருக்கிறது.

'ஹனஃபுதா' என்ற பூப்படச் சீட்டுகளில் கோடை எவை?

நான்காம் மாதம் விஸ்டீரியாவும் ஹொதொதோகிசு என்ற குயிலினப் பறவையும், ஐந்தாம் மாதம் ஐரிஸும் பலகைப் பாலமும், ஆறாம் மாதம் பியோனியும் பட்டாம்பூச்சியும். பாலத்தைக் கவனித்தீர்களா, அது யாத்சுஹாஷிதான். கோரின் திரையிலிருந்து எடுத்துவிட்ட பாலத்தைச் சீட்டுக்காரர்கள் விடவில்லை. இந்தச் சீட்டுகளைச் செய்வதற்காகவே 1889இல் கியோட்டோவில் தொடங்கிய கடைதான் இன்றைய வீடியோ விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோ.